செக் இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது: யனாச்செக் முதல் கப்ராலொவா வரை

செக் இசை என்றதும் பெரும்பாலானவர்கள் த்வொர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனியைக் கேட்கிறார்கள், பிடித்தும் போகிறது, அதோடு நின்றுவிடுகிறார்கள். த்வொர்ஷாக் 1904 மே 1ஆம் தேதி பிராக் நகரில் இறந்தார். அதே வருடம் ஜனவரி 21ஆம் தேதி, பிராகிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புர்னோ நகரத்தில், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் இசை ஆசிரியரின் ஓப்பரா, அதாவது வசனத்தையெல்லாம் பாடியே நடிக்கும் நாடகம், மேடையேறியது. அவர் லெயொஷ் யனாச்செக். ஓப்பராவின் பெயர் யெனூஃபா. அங்கிருந்து இரண்டாம் உலகப் போர் முடியும் வரையிலான நாற்பது வருடங்களில் செக் நாட்டில் உருவான இசை எனக்கு மிகவும் நெருக்கமானது. அதற்குள் எப்படி நுழைவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் நுழைந்தது தப்பான வாசல் வழியாக. நேரே யெனூஃபாவை, முழுசாக, வசனத்தின் மொழிபெயர்ப்புகூட இல்லாமல் போட்டேன். யார் என்ன சொல்கிறார்கள், ஏன் இவ்வளவு அவசரமாகப் பாடுகிறார்கள், ராகம் என்று பிடித்துக்கொள்ள ஒன்று ஏன் நாலு நொடிக்கு மேல் நிற்பதே இல்லை என்று எதுவும் புரியாமல் அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். திரும்பி வர இரண்டு வருடம் ஆனது. திரும்பி வந்தபோது ஒரு சின்ன பியானோ துண்டு வழியாக வந்தேன், அதனால்தான் தங்கினேன். கீழே இருக்கும் வரிசை அந்த அனுபவத்தில் போட்டது: சின்னதிலிருந்து பெரிதுக்கு, ஒரு பியானோவிலிருந்து ஓப்பராவுக்கு. இந்த வழி முழுக்க மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். இந்த இசையைப் பாட்டாக மட்டும் கேட்காதீர்கள், யாரோ பேசுவதாகக் கேளுங்கள்.

முதலில் பெயர்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், ஐந்து நிமிட வேலைதான். செக் மொழியில் நம் மொழியைப் போலவே குறிலும் நெடிலும் உண்டு. உயிரெழுத்தின் மேல் ஒரு சாய்ந்த கோடு இருந்தால் அது நெடில். 'உ' ஒலிக்கு மேல் குட்டி வட்டம் இருந்தாலும் நெடில்தான், மர்த்தினூ என்ற பெயரின் கடைசியில் வருவதுபோல. ஆனால் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். யனாச்செக் என்ற பெயரில் நீளம் 'னா'வில், அழுத்தம் 'ய'வில். இந்தப் பெயரில் இரண்டும் ஒரே இடத்தில் சேராது. வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாருங்கள், ஒரு சின்ன இடறல் கேட்கும். யனாச்செக்கின் தாளத்தில் பாதி அந்த இடறலில் இருக்கிறது.

பெண்களின் குடும்பப் பெயர் பெரும்பாலும் 'ஓவா' ஒலியில் முடியும். கப்ரால் என்பவரின் மகள் கப்ராலொவா. இணையத்தில் தேடும்போது மேலே இருக்கும் கோடு, வட்டம், கொக்கி எதுவும் வேண்டாம், வெறும் ரோமன் எழுத்துகளைத் தட்டினால் போதும். ஆனால் ஒரு படைப்புக்கே செக், ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று நான்கு பெயர்கள் சுற்றும், அதனால் குழப்பம் வந்தால் எண்ணை வைத்துத் தேடுங்கள். கீழே வரப்போகும் இசையமைப்பாளர்களில் சுக்கின் படைப்புகளுக்கு ஓபஸ் எண் (படைப்பு வரிசை எண்), மர்த்தினூவின் படைப்புகளுக்கு 'எச்' என்று தொடங்கும் எண். இன்னொன்று: யோசெஃப் சுக் என்று தேடினால் இரண்டு பேர் வருவார்கள். இசையமைப்பாளர் தாத்தா, 1935இல் இறந்தவர். வயலின் கலைஞர் பேரன், 2011இல் இறந்தவர்.

பியானோவில் பத்துத் துண்டுகள்

சரி, இப்போது கேட்கலாம். முதலில் தேட வேண்டியது யனாச்செக்கின் 'புல் மண்டிய பாதையில்', முதல் தொகுதி. பத்துத் துண்டுகள், மொத்தம் அரை மணி நேரம். தலைப்பு, புர்னோ இருக்கும் மொராவியா பகுதியின் ஒரு கல்யாணப் பாட்டிலிருந்து வருகிறது. கட்டிக்கொடுத்த பெண் தன் தாய் வீட்டுக்குப் போகும் பாதை புல் மண்டிப் போனதைப் பாடுகிறாள். முதல் சில துண்டுகளை அவர் எழுதியது ஆர்மோனியம் வாசிப்பவர்களுக்கான ஒரு வெளியீட்டுக்காக, 1900ஐ ஒட்டி. தொகுதி முழுமையடைய 1911 வரை ஆனது. நடுவில் 1903 பிப்ரவரி 26ஆம் தேதி அவருடைய மகள் ஒல்கா டைபாய்டில் இறந்தாள். வயது 20. மகன் விளாதிமீர் அதற்கு முன்பே, 1890இல், குழந்தையாக இருந்தபோதே போய்விட்டான்.

பத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். பத்தாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் 'ஆந்தை பறந்து போகவில்லை'. நோயாளி படுத்திருக்கும் வீட்டில் வந்து உட்காரும் சின்ன ஆந்தையை விரட்டியும் அது போகாவிட்டால் அந்த உயிர் பிழைக்காது என்பது அந்த ஊர் நம்பிக்கை. துண்டு தொடங்கியதும் ஒரு சிறகடிப்பு கேட்கும், விரல்கள் வேகமாக ஒரு கீற்றுப் போல ஓடி நிற்கும், உடனே இரண்டே சுரத்தில் ஒரு கூவல். அப்புறம் அமைதியான, தேவாலயத்தில் எல்லாரும் சேர்ந்து பாடுவதைப் போன்ற ஒரு பகுதி வரும். மறுபடி சிறகடிப்பு. மறுபடி அந்தப் பிரார்த்தனை. இவ்வளவுதான் கட்டமைப்பு, சின்னக் குழந்தைக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவை அந்தப் பிரார்த்தனை திரும்ப வரும்போதும் ஒரு மனிதன் கட்டிலருகே உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குக் கேட்கிறது. மூன்று நாள், நாளுக்கு ஒரு தடவை, இந்த ஒரே துண்டைக் கேளுங்கள். மூன்றாவது நாள் கடைசியில் எது மிஞ்சுகிறது என்று கவனியுங்கள், பிரார்த்தனையா ஆந்தையா.

யார் வாசித்ததைக் கேட்பது என்று கேட்டால் ருடால்ஃப் ஃபிர்குஷ்னி. சின்ன வயதில் யனாச்செக்கிடமே படித்தவர், அலங்காரம் இல்லாமல் வாசிப்பார்.

அவருடைய குறிப்பேடு

யனாச்செக் எப்போதும் பையில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பார். சந்தையில் காய் விற்கும் பெண் சொன்னது, ரயில் நிலையத்தில் யாரோ விடைபெற்றது, தெருவில் குழந்தை அம்மாவைக் கூப்பிட்டது என்று காதில் விழும் பேச்சையெல்லாம் சுரக்குறிப்பாக எழுதிவைப்பார். பறவைகளையும் எழுதினார், நாயையும் எழுதினார். மரணப் படுக்கையில் ஒல்கா கடைசியாகப் பேசியதையும் எழுதினார். இதைப் படித்ததும் சிலருக்கு முகம் சுளிக்கும், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அவருக்கு ஒரு குரலைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு பயிற்சி. ஒரு நாள் வீட்டில் ஒருவர் 'வந்துட்டியா?' என்று கேட்பதைக் கவனியுங்கள். எங்கே குரல் ஏறுகிறது, எந்த எழுத்து நீள்கிறது, களைப்பாக இருக்கும்போது அதே சொல் எப்படித் தாழ்கிறது. பிறகு யனாச்செக்கைப் போடுங்கள். நாலு நொடிக்கு மேல் நிற்காத அந்தத் துணுக்குகள் அரைகுறை ராகங்கள் அல்ல, முழு வாக்கியங்கள் என்று பிடிபடும். ஒரே துணுக்கை அவர் ஐந்தாறு தடவை திரும்பச் சொல்வதும், கவலையில் இருப்பவர்கள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதைப் போலத்தான்.

ஆற்றில் போட்ட சொனாட்டா

அடுத்தது பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம் ஓடும் பியானோ சொனாட்டா, அதாவது சில பகுதிகளாக எழுதும் வாத்திய இசை. அதன் பெயரே ஒரு தேதி, '1. எக்ஸ். 1905', அதாவது 1905 அக்டோபர் 1. அப்போது புர்னோ ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது, நகராட்சி ஜெர்மன் பேசுபவர்கள் கையில் இருந்தது. செக் மொழியில் பல்கலைக்கழகம் வேண்டும் என்று செக் மக்கள் கூடினார்கள், ராணுவம் வந்தது, ஃப்ரன்டிஷெக் பவ்லீக் என்ற இருபது வயதுத் தச்சுத் தொழிலாளி துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தப்பட்டு இறந்தான்.

யனாச்செக் மூன்று பகுதிகள் எழுதினார். 1906 ஜனவரியில் முதல் முறை மேடையில் வாசிக்கவிருந்த நேரத்தில், மூன்றாவது பகுதியான இறுதி ஊர்வல இசையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார். மீதி இரண்டையும் பிராகில் வ்ல்டவா ஆற்றில் எறிந்தார். தாள்கள் மூழ்காமல் வெள்ளை அன்னங்கள் போல மிதந்து போயின என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். நல்லவேளை, அதை வாசித்த லுத்மிலா துச்கொவா என்ற பியானோ கலைஞர் அந்த இரண்டு பகுதிகளுக்கும் பிரதி வைத்திருந்தார். யனாச்செக்கின் எழுபதாவது வயதில், 1924இல், அதை வெளியே எடுத்தார். இன்று நாம் கேட்பது அந்தப் பிரதியைத்தான்.

முதல் பகுதி 'முன்னுணர்வு', இரண்டாவது 'மரணம்'. இரண்டாவதில் ஒரு சின்னச் சொற்றொடர் விடாமல் திரும்ப வரும். தாளம் ஒரு இடத்தில் விக்கும். அந்த விக்கல்தான் பேச்சு. வீட்டில் வேலை செய்துகொண்டே கேட்கிற இசை இல்லை இது. விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

இப்போது சத்தத்தைக் கூட்டுங்கள்

மேலே சொன்னதெல்லாம் துக்கமாகவே இருக்கிறதே என்று நினைப்பீர்கள், அதனால் உடனே சின்ஃபோனியெட்டாவுக்குப் போய்விடுங்கள். 1926இல், 71 வயதில், எழுதியது. அந்த ஜூன் 26ஆம் தேதி பிராகில் வத்ஸ்லாவ் தலிக் நடத்திய முதல் கச்சேரி. 25 நிமிடத்துக்கும் குறைவு, ஐந்து பகுதிகள். முதல் பகுதியில் வயலினே கிடையாது. ஒன்பது ட்ரம்பெட்டுகள், இரண்டு பேஸ் ட்ரம்பெட்டுகள், இரண்டு டெனர் டியூபாக்கள், டிம்பனி முரசுகள், அவ்வளவுதான். ஒரு பூங்காவில் ராணுவ பேண்டு வாசிப்பவர்கள் எழுந்து நின்று ஊதியதைக் கேட்டதிலிருந்து வந்த எண்ணம் அது. இந்த ஒன்றையாவது கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அடியில் ஓடும் முரசு காணாமலே போய்விடும்.

மற்ற நான்கு பகுதிகளும் புர்னோ நகரத்தின் இடங்கள்: கோட்டை, ராணியின் மடாலயம், தெரு, நகர மண்டபம். மூன்றாவதான மடாலயப் பகுதியை நின்று கேளுங்கள். யனாச்செக் பதினோரு வயதில், 1865இல், வீட்டைவிட்டு வந்து பாடகச் சிறுவனாகச் சேர்ந்தது அங்கேதான். பட்டாணிச் செடிகளை வைத்து மரபியலுக்கு அடித்தளம் போட்ட கிரெகோர் மெண்டல் அதே மடாலயத் துறவி. அந்தச் சிறுவன் சேர்ந்த அதே வருடம்தான் மெண்டல் தன் ஆய்வை புர்னோவில் முதன்முதலாகப் படித்தார். 1884இல் மெண்டல் இறந்தபோது இறுதிச் சடங்கில் ஆர்கன் வாசித்தது யனாச்செக். எனக்கு இந்தச் செய்தி தெரிந்த நாளிலிருந்து அந்த மூன்றாவது பகுதியின் மெதுவான தொடக்கம் குளிர்ந்த கல் தாழ்வாரமாகவே கேட்கிறது.

கடைசியில் அந்த ட்ரம்பெட்டுகள் திரும்ப வரும், இந்த முறை மொத்த ஆர்கெஸ்ட்ராவோடு. சின்ஃபோனியெட்டா பிடித்தால் மறு வாரமே 'கிளகோலித்திக் பூசை'யைப் போடுங்கள், அடுத்த வருடம் புர்னோவில் அரங்கேறியது. பழைய ஸ்லாவிய மொழியில் பாடும் பூசைப் பாட்டு, முடிவுக்குச் சற்று முன்னால் ஆர்கன் தனியாகக் கட்டறுத்துக்கொண்டு ஓடும்.

சுக்: துக்கத்தை நீளமாகச் சொல்லும் ஒருவர்

யனாச்செக் சுருக்கமாகப் பேசுபவர் என்றால் யோசெஃப் சுக் நேர் எதிர். த்வொர்ஷாக்கின் மாணவர், மருமகனும்கூட. 1898இல் அவருடைய மகள் ஒதிலியைக் கட்டினார். 1904இல் மாமனார் இறந்தார். அவர் நினைவாக ஒரு பெரிய சிம்பொனி எழுதிக்கொண்டிருந்தபோது, 1905 ஜூலையில், ஒதிலியும் இதயநோயில் போய்விட்டாள். அவளுக்கு 27 வயது. சுக் அந்த சிம்பொனியின் திட்டத்தையே மாற்றினார். அதுதான் 'அஸ்ரயேல்', மரண தேவதையின் பெயர், 1907 பிப்ரவரியில் முதல் கச்சேரி, ஒரு மணி நேரம் ஓடும்.

ஒரு மணி நேரத்தை முதல் நாளே கேட்கச் சொல்லமாட்டேன். முதலில் 'அம்மாவைப் பற்றி' என்ற ஐந்து சின்னப் பியானோ துண்டுகளைக் கேளுங்கள். தாயை இழந்த தன் சின்ன மகனுக்காக 1907இல் எழுதினார். நான்காவது துண்டு 'அம்மாவின் இதயம்'. ஒரே சுரம் துடித்துக்கொண்டே இருக்கும், சீராக இல்லாமல். அதைக் கேட்ட பிறகு அஸ்ரயேலின் நான்காவது பகுதிக்குப் போங்கள், அது ஒதிலியைப் பற்றிய சித்திரம். அப்புறம் இரண்டாவது பகுதி, இது த்வொர்ஷாக்குக்கு. ஒரே ஒரு சுரம் அந்தப் பகுதி முழுக்கத் தாங்கி நிற்கும், மற்ற வாத்தியங்கள் அதைச் சுற்றி நடக்கும், நடுவில் த்வொர்ஷாக்கின் ரெக்வியத்திலிருந்து (இறந்தவர்களுக்கான பூசை இசை) ஒரு துணுக்கு வந்து போகும். அந்த ஒற்றைச் சுரத்தை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு போனீர்களானால் வழி தவறாது. இந்த இரண்டும் பழகிய பிறகு, நேரம் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழு சிம்பொனி. அது இருட்டில் முடிவதில்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன், முக்கால் மணி நேரத்தில் விட்டுவிடத் தோன்றும்போது உதவும்.

தலிக் 1952இல் செக் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு செய்த ஒலிப்பதிவு பழையது, ஒலி கொஞ்சம் மங்கல். அப்படியும் அதைத்தான் சொல்வேன், அவர் சுக்கோடு பழகியவர்.

ஒரே பாட்டு, மூன்று பேர்

இந்தப் பயிற்சி நான் கற்றுக்கொண்டதிலேயே எனக்கு அதிகம் பயன்பட்டது. செக் மக்களுக்குப் புனித வத்ஸ்லாவ் பாட்டு என்று இடைக்காலத்திலிருந்து ஒரு வழிபாட்டுப் பாட்டு உண்டு. எங்களையும் எங்களுக்குப் பின் வருபவர்களையும் அழியவிடாதே என்று தங்கள் காவல் புனிதரிடம் வேண்டுகிற பாட்டு. முதலில் அதை மட்டும் தேடி, யாராவது தேவாலயத்தில் பாடிய பதிவைக் கேட்டு, மெட்டை முணுமுணுக்கும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சுக் 1914இல், முதல் உலகப் போர் தொடங்கிய வருடம், அதே மெட்டை வைத்து எழுதிய தியானத்தைக் கேளுங்கள், ஏழு நிமிடம்தான். சுக் தன் வாழ்நாளில் பெரும்பகுதி செக் குவார்டெட் என்ற நால்வர் தந்தி வாத்தியக் குழுவில் இரண்டாவது வயலின் வாசித்தவர். போர்க்காலத்தில் கச்சேரி தொடங்கும் முன் ஆஸ்திரியத் தேசிய கீதம் வாசிக்க வேண்டியிருந்தது. அதன் கூடவே தங்கள் பாட்டு ஒன்றும் ஒலிக்கட்டும் என்று இதை எழுதினார். அடுத்து யனாச்செக்கின் மாணவர் பவெல் ஹாஸ் 1939இல், நாடு ஹிட்லர் கைக்குப் போன வருடத்தில், ஓபோ என்ற ஊதுகுழலுக்கும் பியானோவுக்கும் எழுதிய சூட் (சின்னத் துண்டுகளின் தொகுப்பு). அதற்குள்ளும் அந்த மெட்டு இருக்கிறது, கொஞ்சம் தேட வேண்டும். மூன்றாவது மர்த்தினூவின் 'லிடிட்சேக்கு நினைவஞ்சலி', 1943. லிடிட்சே என்ற கிராமத்தை 1942 ஜூனில் நாஜிகள் தரைமட்டமாக்கினார்கள், ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். மர்த்தினூ அமெரிக்காவில் இருந்தபடி எட்டு நிமிட இசையாக எழுதினார், முதல் கச்சேரி நியூயார்க்கில். அதில் அந்தப் பழைய மெட்டு வரும் இடத்தையும், பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் புகழ்பெற்ற நான்கு சுரங்கள் வரும் இடத்தையும் நீங்களே கண்டுபிடியுங்கள். மூன்றும் சேர்ந்து முக்கால் மணி நேரம்கூட ஆகாது. வரலாற்றுப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட அதிகம் தெரிந்துவிடும்.

மர்த்தினூ

பொஹுஸ்லாவ் மர்த்தினூ 1890 டிசம்பர் 8ஆம் தேதி பொலிச்கா என்ற சின்ன ஊரில் பிறந்தார், தேவாலயத்தின் கோபுரத்துக்குள். நிஜமாகவே கோபுரத்துக்குள்தான். அப்பா செருப்புத் தைப்பவர், கூடவே ஊரில் எங்காவது தீப்பிடித்தால் மேலிருந்து பார்த்து மணியடிக்கும் காவலர். தெருவிலிருந்து வீட்டுக்கு 193 படிகள். பிராக் கன்சர்வேட்டரியில் அக்கறையில்லாத மாணவன் என்று 1910இல் வெளியேற்றினார்கள். 1923இல் பாரிஸ் போனார், 1941இல் அமெரிக்கா, 1959இல் ஸ்விட்சர்லாந்தில் இறந்தார்.

நானூறு படைப்புகளுக்கு மேல் எழுதியவர், தரமும் ஏறி இறங்கும், அதனால் இவரிடம் பட்டியல் பார்த்து வரிசையாகக் கேட்காதீர்கள். மூன்று போதும். சமையலறைப் பாத்திரங்கள் காதலித்துச் சண்டை போடும் பாலே இசை, 1927, ஆறு வாத்தியங்கள், டாங்கோ, சார்ல்ஸ்டன் நடன மெட்டுகளும் உண்டு, கேட்டதும் பிடிக்கும். அடுத்து 1938இல் எழுதிய இரட்டைக் கான்செர்ட்டோ: இரண்டு தந்தி வாத்தியக் குழுக்கள், பியானோ, டிம்பனி. ம்யூனிக் ஒப்பந்தத்தில் தன் நாட்டைத் துண்டாடிய அந்த செப்டம்பரில் அவர் ஸ்விட்சர்லாந்தில் ஒரு நண்பரின் மலை வீட்டில் உட்கார்ந்து இதை முடித்தார். வானொலிச் செய்தியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டின் பதற்றம் முதல் நொடியிலிருந்தே இருக்கும். மூன்றாவதாக, அவருடைய சிம்பொனிகளில் நான்காவது, 1945. போர் முடியப்போகிறது என்ற காற்று அதில் அடிக்கிறது.

இருபத்தைந்து வயது

விதெஸ்லவா கப்ராலொவா 1915இல் புர்னோவில் பிறந்தார். அப்பா யனாச்செக்கிடம் படித்த இசையமைப்பாளர். 1937இல் தன் 'ராணுவ சின்ஃபோனியெட்டா'வைச் செக் ஃபில்ஹார்மோனிக்குக்கு முன்னால் நின்று தானே நடத்தினார், 1938 ஜூனில் லண்டனில் பிபிசி ஆர்கெஸ்ட்ராவோடு மறுபடி நடத்தினார், அப்போது வயது 23. பாரிஸில் மர்த்தினூவிடம் படித்தார். ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்து இரண்டு நாள் கழித்து, 1940 ஜூன் 16ஆம் தேதி, தெற்கே மொம்பெலியே நகரத்து மருத்துவமனையில் இறந்தார்.

'ஏப்ரல் முன்னிசைகள்' என்ற நான்கு பியானோ துண்டுகளில் தொடங்குங்கள், பத்து நிமிடம்கூட இல்லை. சின்ன வயதில் போனவர் என்ற இரக்கத்தோடு கேட்கத் தேவையில்லை. மூன்றாவது துண்டின் குறும்பைக் கேட்டாலே அவர் யாருடைய நிழலிலும் நிற்கவில்லை என்று தெரியும்.

பவெல் ஹாஸ் யனாச்செக்கின் மாணவர்களிலேயே மிகக் கூர்மையான காது உள்ளவர் என்பது என் அபிப்பிராயம். 1925இல் எழுதிய இரண்டாவது குவார்டெட் (நான்கு தந்தி வாத்தியங்களுக்கான இசை) 'குரங்கு மலையிலிருந்து'. குரங்கெல்லாம் கிடையாது, புர்னோக்காரர்கள் பக்கத்து மலைப்பகுதிக்கு வைத்த செல்லப் பெயர் அது. இரண்டாவது பகுதி 'வண்டி, வண்டிக்காரன், குதிரை'. நான்கு பேரும் விரலைத் தந்தியில் வழுக்கி ஒரு வண்டிச்சக்கரம் கிறீச்சிடுவதைப் போல ஆரம்பிப்பார்கள், அப்புறம் வண்டி வேகம் பிடிக்கும். கடைசிப் பகுதியில் குவார்டெட்டோடு ஜாஸ் டிரம் சேரும். அவர் பெயரையே வைத்துக்கொண்ட பவெல் ஹாஸ் குவார்டெட்டின் முதல் ஆல்பத்தில் இது இருக்கிறது. அதே ஆல்பத்தில் யனாச்செக்கின் இரண்டாவது குவார்டெட் 'அந்தரங்கக் கடிதங்கள்' இருப்பதால் குருவையும் சீடரையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். 1928இல், இறப்பதற்குச் சில மாதம் முன்பு, யனாச்செக் தான் எழுநூறுக்கு மேல் கடிதம் எழுதிய கமிலா என்ற பெண்ணை நினைத்து எழுதியது அது.

ஹாஸ் யூதர். 1941இல் அவரை நாஜிகளின் தெரெசீன் கைதி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 1943இல் தந்தி வாத்தியங்களுக்கான ஓர் ஆய்விசை எழுதினார், கைதியாக இருந்த கரெல் அன்ச்செர்ல் கைதிகளின் ஆர்கெஸ்ட்ராவை வைத்து அதை நடத்தினார். நாஜிகள் எடுத்த பிரசாரப் படத்திலும் அந்தக் காட்சி இடம்பெற்றது. 1944 அக்டோபரில் இருவரையும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். ஹாஸ் கொல்லப்பட்டார். அன்ச்செர்ல் குடும்பத்தை இழந்து, தான் மட்டும் பிழைத்து, போர் முடிந்ததும் தெரெசீனுக்குத் திரும்பி வந்து வாத்தியத் தாள்களைத் தேடினார். டபுள் பேஸ் வாசிப்பவரின் தாள் மட்டும் கிடைக்கவில்லை, மற்றவை இருந்தன. ஒன்பது நிமிட இசை, சோகமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது ஓடுகிறது, குதிக்கிறது.

கிடெயோன் க்லைன், ஹன்ஸ் க்ராசா, விக்டோர் உல்மன் மூவரும் அதே முகாமில் எழுதியவர்கள். க்லைன் மூன்று தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய மூவிசையை மறக்காமல் கேளுங்கள்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. வீத்யெஸ்லாவ் நோவாக்கின் 'ஸ்லோவாக் சூட்' இனிமையானது, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். எர்வின் ஷுல்ஹோஃப் ஜாஸ் பிடித்தவர்களுக்கு. 1919லேயே முழுக்க முழுக்க மௌனக் குறிகளால் ஆன ஒரு துண்டு எழுதியவர். அலொய்ஸ் ஹாபா அரைச் சுரத்தையும் பாதியாக்கிக் கால் சுரத்தில் எழுதியவர், அதற்கென்றே தனிப் பியானோ செய்ய வைத்தார். முதல் வருடம் ஹாபாவைத் தொடாதீர்கள், காது பழகட்டும்.

கடைசியாக ஓப்பரா

இப்போது ஓப்பரா. ஆனால் யெனூஃபா இல்லை, 'தந்திரக்காரக் குள்ளநரி'. 1924 நவம்பரில் புர்னோவில் அரங்கேறியது. ஒரு பத்திரிகையில் படங்களோடு தொடராக வந்த கதையிலிருந்து யனாச்செக் எடுத்தது. ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். காட்டுக் காவலர் ஒருவர் ஒரு நரிக்குட்டியைப் பிடித்து வீட்டில் கட்டிப்போடுகிறார், அது தப்பிக்கிறது, காதலிக்கிறது, குட்டி போடுகிறது, சுடப்படுகிறது. மேடையில் பூச்சிகளும் கோழிகளும் தவளையும் பாடும்.

வீடியோவாகவே பாருங்கள், வசன மொழிபெயர்ப்பு திரையில் ஓடும் பதிவாக. பார்ப்பதற்கு முன் கதையை முழுசாகப் படித்துவிடுங்கள், முடிவு தெரிந்துபோகுமே என்று கவலைப்பட வேண்டாம். ஒலிப்பதிவாக மட்டும் கேட்க வேண்டும் என்றால் சார்ல்ஸ் மெக்கெராஸ் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு செய்தது. ஆஸ்திரேலிய நடத்துநர், 1947இல் பிராகுக்குப் படிக்கப்போன இடத்தில் யனாச்செக்கில் விழுந்தவர். யெனூஃபாவுக்குப் பின்னர் போகும்போதும் அவருடைய பதிவைத்தான் எடுக்க வேண்டும். பிராக் தேசிய அரங்கம் அந்த ஓப்பராவைப் பன்னிரண்டு வருடம் ஏற்காமல் இருந்துவிட்டு, 1916இல் ஏற்றபோது அங்கிருந்த நடத்துநர் கோவர்ஷோவித்ஸ் வாத்திய அமைப்பை மெருகேற்றுகிறேன் என்று மாற்றிவிட்டார். உலகம் பல பத்தாண்டுகள் அந்த மெருகைத்தான் கேட்டது. மெக்கெராஸ் யனாச்செக் எழுதியதற்குத் திரும்பிப் போனார்.

நரியின் கடைசிக் காட்சி வரும்போது மொழிபெயர்ப்பைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். காவலர் கிழவராகிவிட்டார், காட்டில் தூங்கி விழிக்கிறார், ஒரு நரிக்குட்டியைப் பார்க்கிறார், அப்படியே அம்மா ஜாடை. பிடிக்கக் கை நீட்டினால் கையில் அகப்படுவது தவளை. நீதானா அது, முன்னொரு நாள் வந்தவன், என்று கேட்கிறார். தவளை திக்கித் திக்கிச் சொல்கிறது: அது நான் இல்லை, என் தாத்தா, அவர்தான் உங்களைப் பற்றி எனக்குச் சொல்லியிருக்கிறார். துப்பாக்கி காவலரின் கையிலிருந்து நழுவி விழுகிறது, ஆர்கெஸ்ட்ரா எழுகிறது. தன் இறுதிச் சடங்கில் இந்தக் காட்சியை வாசிக்க வேண்டும் என்று யனாச்செக் கேட்டிருந்தார். 1928 ஆகஸ்டில், புர்னோ நகர அரங்கத்தில், அப்படியே வாசித்தார்கள்.